'ஆன்' என்ற ஒரு சொல்லுக்கு முன்

சென்ற மாதம் கண்ணமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அன்று. விஜயந்தா டாங்கியில் எனக்குக் கமாண்டராக இருந்த தஃபேதாரைத்தான், அதாவது கவசப்படை ஹவில்தாரைத்தான், நாற்பது ஆண்டுகளாக அப்படி அழைத்து வருகிறேன். அவருக்கு இப்போது எழுபதைக் கடந்துவிட்டது. வலக்கண்ணில் புரை முற்றியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு வேலூரில் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு எதிரே கடலைக் கொல்லை, அதற்கப்பால் ஏரிக்கரை, அதற்கும் அப்பால் பாறைக் குன்று. மேய்ச்சலுக்குப் போன வெள்ளாடுகளில் ஒன்று திரும்பவில்லை என்று அண்ணி கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஆடு தெரிந்துவிட்டது, அண்ணனுக்குத் தெரியவில்லை.

"எங்கடா?" என்றார்.

"ஏரிக்கரை, மதகு. மதகுக்கு நேர் மேல ஒத்தப் பனை. பனைக்கு வலது, ரெண்டு விரல். பாறை நிழல், கறுப்பு ஆடு."

அவர் கையை முழுதாக நீட்டி, இரண்டு விரலை நிறுத்தி அளந்து, இடக்கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து, "ஆன்" என்றார்.

டாங்கிப் படையில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். இலக்கை என் கண்ணால் கண்டுவிட்டேன், குறியை அதன்மேல் வைத்துவிட்டேன், இனி நீங்கள் சொல்லலாம் என்று, பீரங்கியைக் குறிவைத்துச் சுடும் கன்னர், டாங்கியை நடத்தும் கமாண்டருக்குத் தரும் வாக்கு அது. அன்று வீடு திரும்பும் பேருந்தில் கணியம்பாடி வரும்வரை அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் ராணுவத்துக்குப் போகாத வீடு குறைவு. கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனாலும் டாங்கிக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கிற பிள்ளைகள் எல்லாரும் பீரங்கி எவ்வளவு பெரியது, குண்டு எவ்வளவு தூரம் போகும் என்றுதான் கேட்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றொருவர் காணும்படி செய்வதற்கு ஆகும் அந்தச் சில நொடிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் அனுபவத்தில், ஒரு டாங்கி பிழைப்பதும் அழிவதும் பெரும்பாலும் அந்த நொடிகளில்தான் முடிவாகிறது.

நான் படையில் சேர்ந்தது 1984இல். அப்போது வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். அகமது நகரில் உள்ள கவசப்படைப் பள்ளியில் பயிற்சி முடித்து, விஜயந்தாவில் கன்னராக உட்கார்ந்தேன். ஆவடியில் உருவான டாங்கி அது. முதல் விஜயந்தா 1965இல் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. 105 மில்லிமீட்டர் பீரங்கி, நான்கு பேர் கொண்ட குழு. முன்னால் டிரைவர். டரட் என்று நாங்கள் சொல்லும் சுழலும் மேற்பகுதியில் மூன்று பேர்: இடப்பக்கம் குண்டை எடுத்துப் போடும் லோடர், வலப்பக்கம் கீழே கன்னர், அவருக்குப் பின்னால் சற்று உயரத்தில் கமாண்டர். கமாண்டரின் முழங்கால் கன்னரின் தோள்பட்டையில் இடிக்கும். முதல் ஆறு மாதம் அந்த முழங்கால் எனக்குத் தொந்தரவாக இருந்தது. பிறகு அதன் அசைவை வைத்தே அவர் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ளப் பழகினேன்.

இருவரும் ஒரே டாங்கியில் இருந்தாலும் இருவர் காண்பதும் ஒன்றல்ல. கமாண்டர் தலையை வெளியே நீட்டி நின்றால் வானம், தொடுவானம், புழுதி, பறவை, பக்கத்து டாங்கி எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் எல்லாம் சிறிதாகத் தெரியும். கன்னரின் சைட்டில், அதாவது குறிபார்க்கும் கருவியில், பொருள் பல மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் ஓட்டைக் காலணாவின் துளை வழியாக வேலூர்க் கோட்டையைப் பார்ப்பதுபோல, மதிலில் ஒரு கல்லும் அகழியில் ஒரு முழமும் மட்டுமே கண்ணில் படும். அந்தக் கல் கோட்டையின் எந்தப் பக்கத்துக் கல் என்று துளை வழியாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒருவர் அகலத்தைக் காண்கிறார், மற்றவர் ஆழத்தைக் காண்கிறார். இந்த இரண்டையும் ஒன்றாக இணைக்க, எங்கள் காலத்தில் இண்டர்காமில் வரும் குரலைத் தவிர வேறு பாலம் பெரிதாக இல்லை.

தேடுவது என்பது சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அன்று. முதலில் கண்ணை ஓட்டி அருகில் இருக்கும் ஆபத்தைத் தேட வேண்டும். பிறகு நிலத்தை அருகு, நடு, தொலைவு என்று பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையோடு சேரும்படி மெதுவாகப் பார்த்துச் செல்ல வேண்டும். டாங்கியையே முழுதாகத் தேடுகிறவனுக்கு டாங்கி தெரியாது. இயற்கையில் இல்லாத நேர்க்கோடு, புதரில் இருக்கக்கூடாத கறுப்பு நிழல், கண்ணாடியில் ஒரு கணம் அடிக்கும் வெயில், செடிகளோடு சேர்ந்து ஆடாத ஒரு குச்சி, புதிதாகக் கிளறிய மண்ணின் நிறம், இவற்றைத்தான் தேட வேண்டும். அண்ணன் அடிக்கடி சொல்வார்: "மரத்தப் பாக்காதடா, மரத்துக்கு நடுவுல இருக்கிற சந்தப் பாரு." கன்னருக்கு டரட் பார்க்கும் திசையில் ஒரு பகுதி, லோடருக்கு இடப்பக்கமும் வானமும், கமாண்டருக்குச் சுற்றிலும். மூன்று டாங்கி சேர்ந்தது ஒரு ட்ரூப் என்பதால், பக்கத்து டாங்கிகளோடும் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொள்வோம். தூங்காத இரண்டு இரவுகளுக்குப் பிறகும் தன் பங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்தான் நல்ல கன்னர். குறி தவறாமல் சுடுவது அதற்கு அடுத்த தகுதி.

கமாண்டர் இலக்கைக் கண்டதும் தம் கைப்பிடியால் டரட்டைத் திருப்பி, பீரங்கியை ஏறத்தாழ அந்தத் திசைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார். கன்னரிடமிருந்து டரட்டைப் பறிக்கும் உரிமை அவருக்கு உண்டு. சில வேளை கன்னரையே திருப்பச் சொல்வார். அப்போது கேட்கும் குரல் இப்படி இருக்கும்: "சேபட், டேங்க், டிராவர்ஸ் ரைட்... ஸ்டெடி... ஆன்." எந்தக் குண்டு, என்ன இலக்கு, எந்தப் பக்கம், மெதுவாக, நில் என்று அத்தனையும் அந்த ஐந்தாறு சொற்களில் அடக்கம். வரிசை மாறக்கூடாது. குண்டின் பெயர் முதலில் வருவதற்குக் காரணம் உண்டு: அந்தச் சொல் காதில் விழுந்த கணமே லோடர் கையை நீட்டிவிடுவார், மீதிச் சொற்கள் முடிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். லோடர் "லோடட்" என்பார். கன்னர் தேடிக் கண்டு, குறிவைத்து, "ஆன்" என்பார். கமாண்டர் "ஃபயர்" என்பார். கன்னர் "ஃபயரிங் நவ்" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்த வேண்டும். மற்றவர்கள் பீரங்கியின் பின்னுதைப்புக்கு விலகிக்கொள்ள அந்த இரண்டு சொற்களும்தான் எச்சரிக்கை.

இதில் மிக நுட்பமான இடம், கமாண்டர் கொண்டுவந்து நிறுத்திய பிறகு கன்னர் தன் சைட்டில் இலக்கைக் கண்டுபிடிக்கும் இடைவெளிதான். டரட் சரியான திசையில் இருந்தாலும் இலக்கு கன்னரின் வட்டத்துக்குள் வந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அப்போதுதான் அடையாளம் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் தெரியக்கூடிய, வேறொன்றோடு குழப்பிக்கொள்ள முடியாத ஒரு பொருளைப் பிடித்து, அங்கிருந்து இத்தனை விரல் வலது, இத்தனை விரல் கீழே என்று நடத்திக்கொண்டு போக வேண்டும். நீட்டிய கையில் ஒரு விரலின் அகலம் ஏறத்தாழ இரண்டு டிகிரி. 1,000 மீட்டர் தொலைவில் அது 35 மீட்டர். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தான் காண்பதை அல்ல, கேட்பவன் எதைக் காண்பான் என்று நினைத்துப் பார்த்துச் சொல்வது தனிப் பழக்கம். அண்ணன் விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடும் நிலத்தில் ஏதாவது ஒன்றைக் காட்டி என்னைச் சொல்லச் சொல்வார். காட்பாடி வரும்வரை பாடம் நடக்கும்.

அந்தப் பழக்கம் அவருக்கு வந்ததற்கு என்னுடைய பிழை ஒன்றும் காரணம். ராஜஸ்தானில் ஒரு சுடுதளம். மாலை வெயில் சாய்ந்து நிழல்கள் நீண்டுகொண்டிருந்த நேரம். அவர் அடையாளமாகச் சொன்னது "தனி மரம்". எனக்கு என் வட்டத்தில் ஒரு தனி மரம் தெரிந்தது, அதன் அருகே இலக்குத் திரையும் தெரிந்தது. "ஆன்" என்றேன். அவரும் "ஃபயர்" என்றார். குண்டு திரையைக் கிழித்துக்கொண்டு போனது. ஆனால் அது எங்கள் திரை அல்ல, பக்கத்து டாங்கிக்கு ஒதுக்கிய திரை. அந்த நிலத்தில் தனி மரங்கள் இரண்டு இருந்தன. அவர் வெளியே நின்று இரண்டையும் கண்டு, எனக்கு ஒன்றுதான் தெரியும் என்பதை மறந்துவிட்டார். நான் ஒன்றை மட்டும் கண்டு, இரண்டாவது இருக்கக்கூடும் என்று நினைக்கத் தவறிவிட்டேன். யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் போர்க்களத்தில் அந்த இரண்டாவது மரத்தடியில் நம் ஆட்களே நின்றிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அன்று இரவு எங்கள் இருவரையும் தூங்கவிடவில்லை. மறுநாள் முதல் எங்கள் டாங்கியில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சந்தேகத்துக்கு இடமிருக்கும் இடங்களில் நான் வெறும் "ஆன்" சொல்லமாட்டேன். "பின்னால் மணல் மேடு, இடது ஓரம் முள்புதர், ஆன்" என்று நான் காண்பதில் இரண்டு அடையாளத்தைத் திருப்பிச் சொல்வேன். அவர் காண்பதோடு அது பொருந்தினால்தான் அடுத்த சொல் வரும். ஒன்றரை நொடி கூடுதலாக ஆகும். அந்த ஒன்றரை நொடியை நாங்கள் குண்டு போடுவதிலும் டரட்டைத் திருப்புவதிலும் சேமித்துக்கொண்டோம்.

கமாண்டரின் கண் மட்டும் வேலை செய்து, கன்னர் முழுக் குருடாக உட்கார்ந்திருக்கும் ஒரு நிலையும் உண்டு. மேட்டுக்குப் பின்னால் டாங்கியை முழுதாக மறைத்து, கமாண்டரின் தலை மட்டும் மேட்டுக்கு மேலே தெரியும்படி நிறுத்துவோம். அவருக்கு எதிரே இருக்கும் சமவெளி முழுதும் தெரியும். எனக்குச் சைட்டில் தெரிவதெல்லாம் மேட்டின் புல், சில எறும்புகள், வெயிலில் காய்ந்த மண்கட்டி. இலக்கு எங்கே, எத்தனை, எந்தப் பக்கம் நகர்கிறது, மேடேறியதும் எனக்கு முதலில் என்ன தெரியும் என்று அவர் கதைபோலச் சொல்லிக்கொண்டே போவார். நான் கண்ணைச் சைட்டில் வைத்தபடியே மனதில் படம் வரைந்துகொள்வேன். பிறகு டிரைவர் டாங்கியை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றுவார். புல் தாழும், மண் தாழும், வானம் வரும், அதற்கடியில் நிலம் விரியும். நான் இலக்கைக் கண்ட கணமே "ஸ்டாப்" என்று டிரைவருக்குச் சொல்வது என் வேலை. ஒரு முழம் கூடுதலாக ஏறினால் எங்கள் உடல் முழுதும் எதிரிக்குத் தெரிந்துவிடும். ஒரு முழம் குறைந்தால் குண்டு எங்கள் மேட்டிலேயே பாயும். கமாண்டர் சொன்ன கதையும் நான் கண்ட காட்சியும் ஒன்றாகப் பொருந்தும் அந்தக் கணத்தின் நிறைவை எனக்கு வேறெந்த வேலையும் தந்ததில்லை. இரண்டு மூன்று முறை சுட்டதும் பின்வாங்கி, வேறிடத்தில் மறுபடி ஏறுவோம். ஒரே இடத்தில் இரண்டாவது முறை தலைகாட்டுகிறவருக்காக எதிரி ஏற்கெனவே குறிவைத்துக் காத்திருப்பான்.

தூரம் கணிப்பதிலும் இருவருக்கும் பங்கு உண்டு. விஜயந்தாவில் பீரங்கியோடு இணைத்த 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கி ஒன்று இருந்தது. மூன்று மூன்று தோட்டாவாக ஒளிரும் குண்டை அனுப்பி, எது இலக்கில் விழுகிறது என்று பார்த்து, அந்தத் தூரத்துக்குப் பீரங்கியை உயர்த்துவோம். ஏறத்தாழ 1,800 மீட்டர் வரை அது உதவும். அதைத் தாண்டினால் கமாண்டரின் கண்மதிப்புத்தான். முன்னால் விழுந்தால் கூட்டு, பின்னால் விழுந்தால் குறை, இரண்டுக்கும் நடுவே பிடி என்பதே பழைய கணக்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு. பீரங்கி வெடித்ததும் எழும் புகையும் புழுதியும் கன்னரின் கண்ணை மறைத்துவிடும். குண்டு எங்கே விழுந்தது என்று கன்னரே பார்க்க முடியாத நேரம் நிறைய. மேலே நிற்கும் கமாண்டர் சற்றுப் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்; அவருக்கும் மறைத்தால் பக்கத்து டாங்கியிலிருந்து ரேடியோவில் சொல்வார்கள். சுட்டவனுக்குத் தன் குண்டின் கதையை வேறொருவர் வந்து சொல்ல வேண்டியிருப்பது முதலில் வருத்தமாக இருந்தது. போகப் போக, அந்தக் குரல் வராவிட்டால் கை நடுங்கும் அளவுக்கு அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

நகரும் இலக்கென்றால் கன்னரின் கணக்கு தனி. சேபட் என்னும் வேகமான குண்டு நொடிக்கு 1,400 மீட்டருக்கு மேல் பாயும். 1,500 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு நொடி. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் டாங்கி அந்த ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் நகர்ந்துவிடும். ஹெஷ் என்னும் மெதுவான குண்டென்றால் இரண்டு நொடிக்கு மேல் ஆகும். பதினோரு மீட்டருக்கு மேல் முன்னால் குறிவைக்க வேண்டும், அதாவது டாங்கியின் நீளத்தில் ஒன்றரை மடங்கு. அதனால்தான் கமாண்டர் குண்டின் பெயரைச் சொன்ன பிறகு மனம் மாற்றுவதைக் கன்னர்கள் அஞ்சுவார்கள். வாயில் ஒரு சொல் மாறினால் கண்ணில் ஆறு மீட்டர் மாறும்.

1965 பாகிஸ்தான் போரில் கேம்கரண் பக்கம் அசல் உத்தரில் நடந்த சண்டையைப் பற்றி மூத்தவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். செப்டம்பர் மாதம், ஆளுயரக் கரும்பு, மதகைத் திறந்து நீர் பாய்ச்சிச் சேறாக்கிய வயல்கள். எதிரியிடம் இருந்த பேட்டன் டாங்கியில் தூரம் அளக்கும் ஒளியியல் கருவி இருந்தது. நம் செஞ்சூரியனில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் கரும்புக்குள் சிக்கிய டாங்கியில் கருவிக்கு வேலையே இல்லை. அம்முண்டிப் பக்கம் முற்றிய கரும்புக் கொல்லைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: உள்ளே நிற்பவனுக்குத் தோகையைத் தவிர வேறொன்றும் தெரியாது, வெளியே வரப்பில் நிற்பவனுக்குத் தோகை அசைவதை வைத்தே உள்ளே ஆள் நடப்பது தெரிந்துவிடும். நம் டாங்கிகள் கொல்லைக்கு வெளியே மறைந்து காத்திருந்தன. அந்தச் சண்டையில் எதிரி இழந்தவை 97 டாங்கிகள் என்பது நம் படையின் கணக்கு. கருவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காண்பதற்கான இடத்தை முதலில் தேர்ந்துகொள்வதும் கமாண்டரின் கண்ணுக்குள் அடங்கும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் பக்கம் பூனா ஹார்ஸ் டாங்கிப் படைப்பிரிவைச் சேர்ந்த அருண் கேத்ரபால் வீரமரணம் அடைந்தார், வயது 21. டாங்கி தீப்பற்றிய பிறகு வெளியேறச் சொன்ன உத்தரவுக்கு, பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று பதில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தார் என்பதை எல்லாரும் அறிவார்கள். அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அந்தப் பீரங்கியின் பின்னால் கண்ணைச் சைட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கன்னர் நாத்து சிங். எரியும் டாங்கிக்குள்ளும் ஒரு கமாண்டரின் சொல்லுக்கு மறுசொல்லாக "ஆன்" என்று சொல்ல ஒருவர் இருந்தார். அந்தப் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

பிற்பாடு என்னை டி-72 டாங்கிக்கு மாற்றினார்கள். மூன்றே பேர், லோடருக்குப் பதிலாக 22 குண்டுகளைச் சுமந்து சுழலும் தானியங்கிப் பொறி. கன்னர் இடப்பக்கம், கமாண்டர் வலப்பக்கம், நடுவே 125 மில்லிமீட்டர் பீரங்கியின் பின்பகுதி. முதல் நாள் உள்ளே உட்கார்ந்தபோது என் தோளில் யாருடைய முழங்காலும் இடிக்கவில்லை. அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. ஆனால் வசதிகள் பல. கமாண்டர் தம் பார்வைக் கருவியின் குறுக்குக்கோட்டை இலக்கின்மேல் வைத்துக் கைப்பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால், டரட் தானாக அந்தத் திசைக்கு வந்து நிற்கும். ஐந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் அவர் கருவியிலிருந்து, எட்டு மடங்கு காட்டும் என் சைட்டுக்கு இலக்கு சொல் இல்லாமலே வந்து சேரும். தூரத்தை லேசர் அளக்கும். மூன்று தோட்டா, கூட்டு, குறை என்ற கணக்கெல்லாம் ஒரு பொத்தானில் அடங்கிவிட்டது.

அப்படியானால் பேச்சுக்கு வேலை போய்விட்டதா? இல்லை. லேசர் தன் எதிரே முதலில் எது படுகிறதோ அதன் தூரத்தைச் சொல்லும். இலக்குக்கு முன்னால் நிற்கும் முள்மரத்தின் தூரத்தையும் அதே நம்பிக்கையோடு சொல்லும். திரையில் 740 என்று எண் வரும்போது, "இல்லை, அது 1,500க்குக் குறையாது" என்று சொல்ல, நிலத்தைக் கண்ணால் அளந்து வைத்திருக்கும் கமாண்டர் ஒருவர் வேண்டும். இரவில் நிலைமை இன்னும் கடினம். அக்காலத்து டி-72 அகச்சிவப்பு விளக்கை அடித்து, அதன் வெளிச்சத்தில் பார்க்கும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு உள்ளேதான் பயன். அந்த வெளிச்சம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதே கருவி வைத்திருக்கும் எதிரிக்கு விளக்குக் கம்பம்போலத் தெரியும். விளக்கை எப்போது போடுவது, எத்தனை நொடி போடுவது என்பது இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

2001இல் 310 டி-90 டாங்கிகளுக்கு ஒப்பந்தமானது. அதில் கன்னரின் வெப்பப் படக் கருவி காண்பதைக் கமாண்டரும் தம் திரையில் காணலாம். ஒருவர் கண்டதை மற்றவர் காணச் செய்ய விரலும் பனைமரமும் வேண்டாம். படமே இருவர் முன்னும் இருக்கிறது. என் பழைய சுடுதளப் பிழை இதில் நேர்ந்திருக்காது. ஆனால் இருவரும் ஒரே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சுற்றுப்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. இளம் கமாண்டர்கள் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பதைப் பார்த்து நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. நம் அர்ஜுன் டாங்கியில் கமாண்டருக்கென்று தனியாகச் சுழலும் பார்வைக் கருவி உண்டு. கன்னர் ஒரு இலக்கைச் சுட்டுக்கொண்டிருக்கும்போதே கமாண்டர் அடுத்ததைத் தேடலாம், கண்டதும் பீரங்கியை அங்கே அழைத்துக்கொள்ளலாம். ஒருவர் தேட ஒருவர் சுட, இருவர் வேலையும் மறுபடி பிரிந்து நிற்கிறது. என் கணிப்பில் இதுவே சரியான வழி. 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 2021இல் ஆவடிக்கு உத்தரவு வந்தபோது, எங்கள் பகுதியின் ஓய்வுபெற்ற டாங்கிக்காரர்கள் பலர் அதைத் தங்கள் வீட்டு நல்ல செய்திபோலப் பேசிக்கொண்டோம்.

வெப்பப் படம் இன்னொரு கவலையையும் கொண்டுவந்தது. அது வெகுதொலைவில் இருப்பதைக் காட்டிவிடும். ஆனால் அங்கே இருப்பது யார் என்று அதே தொலைவில் சொல்லாது. வெண்மையாக ஒரு புள்ளி, டாங்கியின் உருவம், அவ்வளவுதான். 1991 வளைகுடாப் போரில் சண்டையில் கொல்லப்பட்ட அமெரிக்க வீரர்கள் 148 பேரில் 35 பேர் தங்கள் படையின் குண்டுகளுக்கே பலியானார்கள். ஆகவே கன்னர் "ஆன்" சொன்ன பிறகும், கமாண்டர் "ஃபயர்" சொல்வதற்கு முன்னால், ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அந்தத் திசையில் நம்மவர் யாராவது இருக்கிறார்களா என்பதைக் கமாண்டர் வரைபடத்திலும் ரேடியோவிலும் தேடி முடித்திருக்க வேண்டும். கன்னருக்கு அந்தக் கவலை இருக்கக்கூடாது. இருந்தால் கை தயங்கும். அந்தச் சுமையைக் கமாண்டர் தனியாக ஏற்றுக்கொள்கிறார் என்பதால்தான் கன்னர் அவர் சொல்லைக் கேள்வி கேட்காமல் அழுத்துகிறார்.

நான் கமாண்டரான பிறகு எனக்குக் கன்னராக வாய்த்தவன் தெலுங்கு பேசும் ஒரு பையன், நல்கொண்டா பக்கம். அதிகம் பேசமாட்டான். ஒருமுறை பாலைவனத்தில் சுடுபயிற்சி. நண்பகல் கானல், தரை முழுதும் தண்ணீர்போல நெளிந்துகொண்டிருந்தது. நான் என் கருவியில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். எங்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குள் ஒரு இலக்கு இருக்க வேண்டும், ஆனால் எனக்குத் தெரியவில்லை. அப்போது அவன் குரல் வந்தது: இடப்பக்கம் உப்புத்தரை, அதன் ஓரத்தில் உடைந்த சுவர், சுவரின் வலது முனையில் நேர்க்கோடு ஒன்று, டேங்க். நான் பார்த்தேன். சுவர் தெரிந்தது. சுவருக்கு வலப்புறம் கானல் மட்டுமே தெரிந்தது. மறுபடி சொல்லச் சொன்னேன். அதே சொற்களை அதே வரிசையில், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் சொன்னான். வரைபடத்தைப் பார்த்தேன், சுவர் எங்கள் எல்லைக்குள் இருந்தது, அந்தப் பக்கம் நம் டாங்கி எதுவும் இல்லை என்று ரேடியோவில் உறுதி செய்துகொண்டேன். லேசர் 1,860 என்றது. சுவருக்கு நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதையொட்டியே இருந்தது. என் கண்ணுக்குத் தெரியாத ஒன்றின்மேல் "ஃபயர்" சொல்வது அதுதான் முதல் முறை.

டாங்கி அதிர்ந்தது. புழுதி எழுந்து இருவரையும் மறைத்தது. எட்டு நொடியில் அடுத்த குண்டு ஏறிய சத்தம் கேட்டது. அவன் கண்ணைச் சைட்டிலிருந்து எடுக்கவில்லை. காற்று புழுதியைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, உடைந்த சுவரின் வலது முனையில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த இலக்குத் திரையை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.